வீட்டுப் பின்பக்கம் ஷட்டில் கோர்ட்: மண்ணா, சிமெண்டா, டைலா?

டபுள்ஸ் ஆடும் ஷட்டில் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். 880 சதுர அடி, அதாவது இரண்டு சென்டுக்குக் கொஞ்சம் கூட. ஆனால் கோடு முடிகிற இடத்திலேயே சுவர் நின்றால் பின்னால் விழும் ஷட்டிலை எப்படி எடுப்பது? பக்கவாட்டில் 3 அடி, முன்னும் பின்னும் 4 அடி விட்டால் 52-க்கு 26, மொத்தம் 1,352 சதுர அடி. மூன்று சென்டைத் தாண்டிவிடுகிறது. தரைக்கு ஆகும் செலவை இந்த எண்ணால்தான் பெருக்க வேண்டும். எனக்கு வந்த முதல் கொட்டேஷன் 880-க்குப் போட்டது. சல்லிசாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

முதலில் மண் தரை. செம்மண்ணோ கிராவலோ அடித்து, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டால் அன்று மாலையே ஆடலாம். முட்டிக்கு இதைவிட இதமான தரை கிடையாது. ஷட்டில் தரையைத் தொட்டால் புள்ளி முடிந்தது, அது எகிற வேண்டியதில்லை. அதனால் தரை நம் காலுக்கு மட்டும்தான். இந்தக் கணக்கில் மண்ணே போதும். தொல்லை பராமரிப்பில். சித்திரையில் தினமும் தண்ணீர் தெளிக்காவிட்டால் புழுதி; ஐப்பசி, கார்த்திகையில் சேறு. கோட்டை வாரத்துக்கு இரண்டு தடவை புதுப்பிக்க ஆள் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் கேட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்தது சிமெண்ட். 4 அங்குல கனத்தில் 1,352 சதுர அடி என்றால் சுமார் 450 கன அடி கான்கிரீட், நாலரை யூனிட். எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவைக்கு ஏறக்குறைய 100 மூட்டை சிமெண்ட் போகும். நான் விசாரித்த இடங்களில் அடித்தளம், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 100 ரூபாயை ஒட்டிச் சொன்னார்கள், ஆக 1.35 லட்சம். கரிசல் மண்ணாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே உள்ள கான்கிரீட்டையும் பிளக்கும். ஓரிரு அடி தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பியே ஆக வேண்டும்.

கொத்தனார் வந்து நின்றதும் கேட்டது வலையையோ கோட்டையோ பற்றி இல்லை. "சார், தண்ணி எந்தப் பக்கம் போகணும்? அதை முதல்ல சொல்லுங்க." பத்தடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும். எங்கள் 26 அடி அகலத்துக்கு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் இரண்டரை அங்குல இறக்கம். ஆடும்போது காலுக்குத் தெரியாது, மழைக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு இடத்தில், ஒரு அங்குல ஆழத்துக்குக் கட்டரால் வெட்டிவிடவும் சொன்னார். எப்படியும் விடப்போகிற விரிசல் அந்த வெட்டுக்குள்ளேயே விடட்டும் என்று. வலைக் கம்பத்துக்கான குழாயை மட்டும் கான்கிரீட் போடும் முன்பே புதைத்துவிடுங்கள்.

சிமெண்டின் மேல் அக்ரிலிக் பூச்சு, அல்லது கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் டைல். கடைக்காரர்கள் மோதவிடுவது இந்த இரண்டையும்தான். எனக்கு வந்த கொட்டேஷன்களில் பூச்சு சதுர அடிக்கு 50 முதல் 70, டைல் 100 முதல் 150. டைலின் நல்ல குணம், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். மழைநீரும் துளை வழியே இறங்கிவிடும். ஆனால் அந்தத் துளை வழியே மண்ணும் வேப்பம்பூவும்கூட இறங்கும். தெரிந்தவர் ஒருவர் ஓரத்தில் நாலு டைலைத் தூக்கிக் காட்டினார்: அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் குப்பை, நடுவில் ஒரு பூரான். வெயிலில் டைல் விரியும் என்பதால் சுவரோரம் இடைவெளியும் விட வேண்டும். "டைல் போட்டால் மேடு பள்ளம் மறைஞ்சிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேடு அப்படியே மேலே தெரியும்.

பூச்சின் பக்கம் நான் சாய்ந்ததற்கு இன்னொரு காரணம் பிக்கிள்பால், அதாவது தட்டையான மட்டையால் துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடும் ஆட்டம். அதற்கும் அதே 44-க்கு 20 அளவுதான். 1965-இல் அமெரிக்காவின் பெய்ன்பிரிட்ஜ் தீவில் அது பிறந்ததே ஒரு பழைய பேட்மிண்டன் கோர்ட்டில். அதில் பந்து எகிற வேண்டும். மண்ணில் அது நடக்காது, டைலில் கொஞ்சம் சோம்பலாக எழும்.

இதற்கெல்லாம் மேலே காற்று இருக்கிறது. அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் 5 கிராம் ஷட்டில் எம்மாத்திரம்? உலக பேட்மிண்டன் கூட்டமைப்பே வெளியில் ஆடுவதற்கென்று 2019-இல் ஏர்பேட்மிண்டன் என்று தனி ஆட்டமும் தனி ஷட்டிலும் கொண்டுவந்தது. திறந்தவெளியில் நிம்மதியாக ஆட முடிவது விடிகாலையிலும் இருட்டிய பிறகும்தான். அதனால் தரையில் மிச்சம் பிடித்தாவது விளக்குக்குக் கொடுங்கள். 200 வாட் எல்இடி நாலு, இரண்டு மணி நேரம் எரிந்தால் 1.6 யூனிட் கரண்ட். கம்பங்கள் பக்கவாட்டில் நிற்கட்டும். முனையில் நின்றால் எதிரே ஆடுபவரின் கண்ணில் அடிக்கும். கோர்ட்டின் நீளமும் வடக்கு தெற்காக இருந்தால் மாலை வெயில் யார் முகத்துக்கும் நேராக வராது.

நாங்கள் சிமெண்டையும் விளக்கையும் முடித்துவிட்டுப் பூச்சைத் தள்ளிவைத்தோம். புது கான்கிரீட் 28 நாளாவது ஆறாமல் பூசக்கூடாது, அப்புறம் ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிடலாம் என்று. ஒரு நல்ல மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் தேங்கிய இடங்களில் நாணயத்தைப் படுக்கப் போட்டுப் பார்த்தேன். மூன்று இடத்தில் மூழ்கியது. மூன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். தையில் பூச்சுக்காரர் வந்ததும் முதலில் அவற்றை நிரவ வேண்டும்.