பெண்டிமெத்தலின்: 30 ஈசியா, 38.7 சிஎஸ்ஸா?

விதைத்த மூன்றாம் நாளுக்குள் அடிக்கிற களைக்கொல்லி என்றால் பருத்தி, நிலக்கடலை, வெங்காயம் மூன்றுக்கும் நம் பக்கம் முதலில் வாயில் வருவது பெண்டிமெத்தலின்தான். கடையில் அது இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று 30 ஈசி (EC, கரைப்பானில் கரைத்த வகை; எண் என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு மருந்து என்பது). இன்னொன்று 38.7 சிஎஸ் (CS, மருந்தைச் சின்ன உருண்டைகளில் அடைத்த வகை), ஸ்டாம்ப் எக்ஸ்ட்ரா, தோஸ்த் சூப்பர் என்ற பெயர்களில் வருவது. கேட்டால் பலரும் "சிஎஸ் புதுசு, வீரியம் ஜாஸ்தி" என்பார்கள். அது தப்பு. உள்ளே இருப்பது ஒரே மருந்து, அது வெளியே வருகிற வேகம்தான் வேறு.

ஈசியில் மருந்தை ஒரு கரைப்பானில் கரைத்து வைத்திருக்கிறார்கள். டேங்கில் ஊற்றியதும் பால் மாதிரி கலங்கும். மண்ணில் விழுந்த நிமிடமே முழு மருந்தும் வெளியே கிடக்கிறது. சிஎஸ்ஸில் மருந்துத் துளி ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் போன்ற ஒரு தோல் இருக்கிறது, கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்ன உருண்டைகள். அந்தத் தோல் வழியாக மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மண்ணுக்கு வரும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், பெண்டிமெத்தலினுக்கு வெயில் ஆகாது. மண் மேலேயே கிடந்தால் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும், ஒரு பங்கு வெளிச்சத்தில் சிதைந்துவிடும். தண்ணீரிலும் கரைவதே இல்லை என்று சொல்லலாம், ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மில்லிகிராம்கூடக் கரையாது. அதனால் அடித்த பிறகு ஒரு மழையோ ஒரு பாசனமோ வந்து, களை விதை முளைக்கிற மேல்மண்ணுக்குள் அதைக் கொண்டு சேர்த்தால்தான் வேலை நடக்கும். அந்தத் தண்ணீர் வருகிற வரைக்கும் மருந்து தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி, இரண்டில் எதை வாங்குவது என்பதும் அதை வைத்துத்தான் முடிவாகும்.

சின்ன வெங்காயம் நட்டுவிட்டு மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் கட்டுகிற ஆள், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது என்றால், ஈசியே போதும். சொல்லப்போனால் நல்ல ஈரமும் களை முளைக்கத் தயாராக இருக்கிற நிலமும் சேர்ந்தால் ஈசி முந்திக்கொள்ளும், ஏனென்றால் சிஎஸ் கசிந்து வருவதற்குள் முதல் அலைக் களை சிலது தப்பிவிடும். மானாவாரிப் பருத்தி அப்படி இல்லை. கரிசலில் லேசான ஈரத்தில் விதைத்துவிட்டு அடுத்த மழை நாளைக்கா அடுத்த வாரமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், ஈசி அடித்து அஞ்சாறு நாள் சுள்ளென்று காய்ந்தால் பாதிக்காசு வெயிலுக்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நான் சிஎஸ்தான் வாங்குவேன், யோசிக்கவே மாட்டேன். முந்தைய பயிரின் தட்டை, சருகு மண்மேல் கிடக்கிற வயலிலும் அப்படித்தான், ஈசி அந்தச் சருகிலேயே ஒட்டிக்கொண்டுவிடும், சிஎஸ் உருண்டைகளைத் தண்ணீர் ஓரளவு கழுவி மண்ணுக்கு இறக்கும்.

இப்போது அளவு. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், நானும் ஒரு தடவை சறுக்கினேன். ஈசி பருத்திக்கு ஏக்கருக்குச் சுமார் 1.3 லிட்டர், சிஎஸ் 700 மில்லிதான். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 16 லிட்டர் டேங்குக்கு ஈசி நூறு மில்லியைக் கொஞ்சம் தாண்டும், சிஎஸ் 56 மில்லி. ஹெக்டேர் கணக்கில் ஈசியில் கிட்டத்தட்ட ஒரு கிலோ மருந்து போகிறது என்றால் சிஎஸ்ஸில் 677 கிராம்தான், வீணாவது குறைவு என்பதால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். நான் சறுக்கியது வெங்காயத்தில்: கடையில் சொன்னதைக் கேட்டு சிஎஸ்ஸையும் ஈசி கணக்கிலேயே ஊற்றினேன். வெங்காயத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதை எடுத்த கையோடு போட்ட சோளம்தான் திட்டுத்திட்டாக முளைத்து வேர் கட்டையாக நின்றது. மெதுவாக வெளிவருகிற மருந்து மெதுவாகத்தான் தீரும், சோளம் இந்த மருந்துக்குக் கூச்சமுள்ள பயிர். அடுத்து சோளமோ கம்போ போடுவதாக இருந்தால் எந்த வகையிலும் அளவைத் தாண்டாதீர்கள். விலையையும் லிட்டரை வைத்துப் பார்க்காமல் ஏக்கருக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள், வித்தியாசம் நினைத்த அளவுக்கு இருக்காது.

சிஎஸ்ஸில் கரைப்பான் வாடை குறைவு, கையிலும் துணியிலும் ஏறுகிற மஞ்சள் கறையும் குறைவு. நாள் முழுக்க டேங்கைச் சுமக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் டப்பாவில் அடியில் தங்கும், நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும், கலந்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

நெல்லுக்கு வாருங்கள். நடவு வயலில் தண்ணீர் நிற்கிறது, அதனால் வெயில் பிரச்சினையே வேறு, அங்கே மெதுவாக விடுகிற வேலையைக் குருணை (மருந்தேற்றிய சின்ன மணிகள்) செய்கிறது. பென்சல்பியூரான் மெத்தைல், பிரெட்டிலாகுளோர் என்ற இரண்டு களைக்கொல்லிகள் சேர்ந்த லோண்டாக்ஸ் பவர் குருணை ஏக்கருக்கு 4 கிலோ. பியூட்டாகுளோர் என்ற இன்னொரு நெல் களைக்கொல்லியின் ஈசியை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து வீசுவதும் இதுவும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, மணல் சும்மா சுமக்கிற ஆள், தண்ணீரில் விழுந்ததும் மருந்து மொத்தமும் இறங்கிவிடும். வீச்சு சீராக இருந்தால் அதுவும் நல்ல வேலைதான், செலவும் குறைவு. வீசத் தெரிந்த ஆள் இல்லை என்றால் குருணை வாங்குங்கள். எதைப் போட்டாலும் இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடிக்காதீர்கள், பக்கத்தில் மீன் குட்டை இருந்தால் அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

மேட்டு நிலத்தில் கோரையும் அருகும்தான் உங்கள் தொல்லை என்றால் ஈசி, சிஎஸ் இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். பெண்டிமெத்தலின் முளைக்கிற விதையைத்தான் பிடிக்கும், கிழங்கையும் தண்டையும் அது ஒன்றும் செய்யாது, விதைப்புக்கு முன்னால் கோடை உழவில் அதை மேலே புரட்டிக் காயவிடுங்கள்.