ஒன்பது டொலர்க் கறுப்புப் பாணும் இரண்டரை டொலர் நானும்

புள்ளியை முதலே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர் அதோடு போகலாம். எஸ்தோனியக் கறுப்புப் பாணுக்கு ஐந்துக்கு நாலு. நான் என்கிற ஆப்கான் ரொட்டிக்கு, போறணையால் எடுத்து அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டால் ஐந்துக்கு ஐந்து. அடுத்த நாள் சாப்பிட்டால் இரண்டு, அதுவும் இரக்கத்தில்.

இரண்டும் ரொறன்ரோவில்தான். கடைப் பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், பிறகு அந்தச் சனத்தின் முகத்தில் முழிக்க வேண்டும்.

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ, அதாவது முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. பதினாலு வருடம். போன மாதம் சாப்பாட்டு அறையில் எங்கட ஊர் ஆள் ஒருவர் போனை நீட்டினார். கனடாவில் எந்த நாட்டுச் சனத்துக்கு எவ்வளவு வருமானம், எத்தனை பேருக்குச் சொந்த வீடு, எத்தனை பேர் வறுமையில் என்று கோடு கோடாகக் கீறிய ஒரு ஒப்பீடு. எஸ்தோனியர் மேலே பச்சையில், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்கள் கீழே சிவப்பில். "பாத்தியளே அக்கா, உழைக்கிற சனம் எது, சும்மா இருக்கிற சனம் எதெண்டு வடிவாத் தெரியுது" என்றார். அவரும் வந்த புதிதில் வெல்பெயார் எடுத்தவர்தான். அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அப்பாவுக்கு மானிப்பாயில் பேக்கரி. விறகுப் போறணை, கள்ளு விட்டுப் புளிக்க வைத்த மா. ஒரு வீட்டு நிலைமையை அவர்கள் வாங்குகிற பாணிலேயே அப்பா சொல்லிவிடுவார். முழு றாத்தலா, அரை றாத்தலா, கொப்பியில் எழுதச் சொல்லுகிறார்களா. அந்தப் புத்திதான் எனக்கும். சனிக்கிழமை லீவு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

முதல் நிறுத்தம் ஸ்பெடைனா ஸ்டேசன். வெளியே வந்து புளோர் வீதியில் நின்று அண்ணாந்தால் பழுப்பாக ஒரு கொங்கிறீட் கோபுரம் தெரியும். தார்த்து கல்லூரி. கல்லூரி என்பது பெயரில் மட்டும், உள்ளே மாணவர் விடுதி. 18 மாடி. எல்மர் தம்பொல்ட் என்ற எஸ்தோனியக் கட்டடக்கலைஞர் வரைந்து, 1970-இல் திறந்தது. பின்பக்கம் மாடிசன் அவென்யூவில் கார் நிறுத்துமிடமாக இருந்த காணியையும் வாங்கிப் புது எஸ்தோனிய மையம் கட்டிவிட்டார்கள். நகரத்துக்கு நடுவில், சப்வேக்கு மேலே. அந்த இடத்தில் ஒரு கார் நிறுத்த என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காணியின் விலை விளங்கும்.

பாண் விற்றது அந்தச் சுற்றாடலில் போட்டிருந்த ஒரு சின்னச் சந்தை மேசையில். விற்றவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். கேட்காமலே சொன்னார், வருகிற காசு பிள்ளைகளின் கோடைகால முகாமுக்காம். ஒரு பாண் ஒன்பது டொலர். காட் எடுக்கமாட்டார். இருபது டொலர்த் தாளைக் கொடுத்தால் மிச்சம் இல்லை. "பரவாயில்லை, இரண்டாக எடுங்கோ" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பக்கத்துக் கோப்பிக் கடையில் தாளை மாற்றிக்கொண்டு வந்து ஒன்றுதான் எடுத்தேன். ஒரு புள்ளி போனது அங்கேதான்.

பாணில் குறை இல்லை. எஸ்தோனிய மொழியில் ரை மாவில் செய்கிற கறுப்புப் பாணுக்கு லெய்ப் என்று பெயர், கோதுமை வெள்ளைப் பாணுக்கு சாய் என்று வேறு பெயர். இரண்டையும் ஒன்றாக அவர்கள் நினைப்பதே இல்லை. எங்களுக்குச் சோறும் பிட்டும் போல. லெய்ப் செங்கல் மாதிரிக் கனக்கும். மூன்றாம் நாள் தோசைமாவின் புளிப்பு, பின்னால் கருகிய சீனியின் மெல்லிய இனிப்பு. ஈஸ்ட் இல்லை, முந்தின மாவில் எடுத்து வைத்த புளிமாதான். தடிப்பாக வெட்டினால் தாடை நோகும். மெல்லிசாக வெட்டி, பட்டர் பூசி, உப்பில் போட்ட சின்ன மீன் வைத்துச் சாப்பிடுவது அவர்கள் முறை. நான் மாசிச் சம்பல் வைத்தேன். அந்தப் பல் வைத்தியருக்கு ஒருநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு கிழமை இருந்தது. நாலாம் நாள் முதல்நாளைவிட ருசி.

திரும்பச் சப்வே. புளோர்-டான்போர்த் லைனில் கிழக்குப் பக்கம். பாலத்தில் டொன் பள்ளத்தாக்கைத் தாண்டியதும் பிறோட்வியூ ஸ்டேசன் வரும். அங்கிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில்தான் எஸ்தோனியருடைய பழைய மண்டபம். 1960-இல் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை வாங்கி, அறுபது வருடத்துக்கு மேல் வைத்திருந்து, பிறகு பிரெஞ்சுப் பள்ளிச் சபைக்கு விற்றார்கள். விற்ற காசு புது மையத்துக்குப் போனது. தங்கட விருப்பத்துக்கு விற்றார்கள் என்பதைக் கவனியுங்கோ. இந்த இடத்துக்குப் பிறகு வருவேன்.

பேப் ஸ்டேசனில் இறங்கி 25ஆம் இலக்க பஸ். பிரெஸ்ரோ என்கிற பயணக் காட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரே கட்டணம் என்பதால் இரண்டு கடைக்கும் ஒரே 3.30 டொலர்தான். ஓவர்லீ பவுலவார்ட்டில் இறங்கினால் தோர்ன்கிளிப் பார்க். ஒருகாலம் குதிரைப் பந்தயத் திடல். பிறகு 12,500 பேருக்கென்று மாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள். இப்போது 20,000-க்கு மேல் சனம். லிப்ற்றுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தாலே கணக்குத் தெரியும்.

நான் ரொட்டிக் கடைக்கு வழி கேட்கத் தேவையில்லை, மணத்தோடு போகலாம். உள்ளே மூன்று பேர். ஒருவர் உருட்ட, ஒருவர் விரல் நுனியால் நீளத்துக்கு வரி போட்டுக் கருஞ்சீரகம் தூவ, மற்றவர் போறணை. ரொட்டி என்ரை உள்ளங்கையளவு இல்லை, முழங்கை வரை நீளம். விலை இரண்டரை டொலர். எனக்கு முதலில் அடுக்கில் இருந்த ஆறினதைச் சுற்றித் தந்தார் கல்லாவில் நின்ற பொடியன். எனக்குப் பின்னால் வந்தவருக்குச் சுடச்சுடப் போனது. "தம்பி, எனக்கும் கை இருக்கு, சூடு தாங்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "மன்னிக்கோணும் காலா ஜான்" என்று மாற்றித் தந்தார். காலா என்றால் சின்னம்மா முறை. சின்னம்மா என்று கூப்பிட்டவனுக்குப் புள்ளி குறைக்க மனம் வரவில்லை.

வாசலில் நின்றே பாதியைத் தின்றுவிட்டேன். மேலே மொறுமொறுப்பு, வரி போட்ட பள்ளத்தில் மெத்து, விளிம்பில் கொஞ்சம் கருகல். கறி ஒன்றும் வேண்டாம். மிச்சத்தை வீட்டில் ஆட்டுக் கறிக் குழம்போடு தொட்டதில் மகன் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்தநாள் விடிய எடுத்தால் செருப்புத் தோல். தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் ஓரளவு.

பொடியனோடு கொஞ்சம் கதைத்தேன். காபூல் 2021 ஓகஸ்டில் விழுந்த பிறகு வந்த குடும்பம். அப்பா அங்கே பொறியியலாளர், இங்கே ராத்திரியில் ஊபர். போறணை மாமாவுடையது, கடை வாடகைக்கு. அரசாங்கம் கூட்டிவந்த அகதிகளுக்கு உதவிப் பணம் அனேகமாக ஒரு வருடம்தான். அதற்குப் பிறகு உன் பாடு. கனடா அந்த முறை குறைந்தது 40,000 பேரை எடுப்பதாகச் சொல்லி எடுத்தும் முடித்தது. ஆக, அந்தச் சிவப்புக் கோட்டில் இருக்கிற நிறையப் பேர் வந்து இறங்கின களைப்பே ஆறாதவர்கள்.

பச்சைக் கோட்டில் இருப்பது யார்? 2016 குடிசன மதிப்பில் எஸ்தோனிய வம்சம் என்று எழுதினவர்கள் கனடா முழுக்க 24,000 சொச்சம், ஆப்கான் என்று எழுதினவர்கள் கிட்டத்தட்ட 84,000. எஸ்தோனியரில் பெரும்பகுதி இங்கே பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பேரனுடைய சம்பளத்தை, நேற்று வந்த தகப்பனுடைய சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கோடு கீறினால் பேரன்தான் உயரமாய் இருப்பான். அதற்குக் கொம்பியூட்டர் தேவையில்லை.

எஸ்தோனியர் வந்த கதை எங்கட சனத்துக்கு அந்நியமில்லை. 1944-இல் சோவியத் படை திரும்பி வர, மீன்பிடி வள்ளங்களில் கடலைக் கடந்து சுவீடனுக்குப் போனார்கள். அங்கேயும் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். சீட்டுக் கட்டுவது மாதிரிக் காசு சேர்த்துப் பழைய கப்பல்களை வாங்கி அத்திலாந்திக்கைத் தாண்டினார்கள். வால்நட் என்றொரு பழைய கடற்படைக் கப்பலில் 347 பேர், 1948 டிசம்பரில் ஹலிபாக்ஸ். விசா இல்லை. பிடித்து வைத்து விசாரித்துத்தான் விட்டார்கள். 1986-இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் வந்த எங்கட 155 பேரை நினைக்காமல் இதை வாசிக்க எனக்கு முடியாது. ஆப்கான் சனம் 1979 டிசம்பருக்குப் பிறகு பெருந்தொகையாக ஓடியதும் அதே சோவியத் படைக்குப் பயந்துதான். அந்தப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட எஸ்தோனியப் பொடியங்களும் இருந்தார்கள்.

வந்து இறங்கின பிறகுதான் பாதை பிரிகிறது. 1947-இல் பிரதமர் மக்கென்சி கிங், குடிவரவால் நாட்டின் அடிப்படைத் தன்மை மாறக்கூடாது என்று பாராளுமன்றத்திலேயே சொன்னவர். அந்தத் தன்மைக்கு எஸ்தோனிய முகம் பொருந்தியது. எந்த நாடு என்று பாராமல் படிப்பு, வேலை, மொழிக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கிற முறை வந்தது 1967-இல்தான். உழைக்காமல் வந்ததில்லை. காட்டில் மரம் வெட்டினார்கள், வீட்டு வேலைக்குப் போனார்கள். ஆனால் அப்போது காணி மலிவு. 1954-இல் தங்களுக்கென்று ஒரு கடன் சங்கம், 1960-இல் மண்டபம், 1970-இல் கோபுரம். ஊனோ பிரீ என்ற எஸ்தோனியக் கட்டடக்கலைஞர் வரைந்த கட்டடங்கள் மட்டும் 250 அளவில், அனேகமானவை ரொறன்ரோப் பக்கம். ஜேன் வீதியில் நிற்கிற அவருடைய உயரமான மாடிக் கோபுரங்கள் ஐந்தில் புதிதாக வந்த சனம் இன்றைக்கும் வாடகைக்கு இருக்கிறது.

தோர்ன்கிளிப்பில் அப்படி இல்லை. ஒன்ராறியோ லைன் ரயிலுக்குப் பணிமனை கட்ட இடம் குறித்தபோது, ஓவர்லீயில் கடைகளும் ஒரு பள்ளிவாசலும் அந்தக் கோட்டுக்குள் வந்தன. சனம் கூட்டம் போட்டது, பதாகை பிடித்தது. மண்டபத்தை நல்ல விலை வரும்போது விற்பதும், எழும்பு என்று கடிதம் வருவதும் ஒன்றல்ல. அப்பாவின் பேக்கரியும் வாடகைக் காணிதான், அதனால் இந்த இடத்தில் நான் நடுநிலையாக எழுதுகிறேன் என்று நம்பவேண்டாம்.

திங்கட்கிழமை இரண்டிலும் ஒவ்வொரு துண்டை வேலைக்குக் கொண்டுபோனேன். எங்கட மாடியில் ஒரு எஸ்தோனிய அம்மா இருக்கிறா. நாலு வயதில் வள்ளத்தில் ஏறினவ. பின்னேரங்களில் ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும், எஸ்தோனியம்தான் வரும். விழுங்குவதில் பிரச்சினை இல்லையென்று தாதியிடம் கேட்டு உறுதிப்படுத்தியே கொடுத்தேன், பிறகு என்னைப் பேச வேண்டாம்.

கறுப்புப் பாணை மணந்து பார்த்தா. "யாட்கு லெய்பா" என்றா. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் சொல்வது, பாண் குறையாமல் இருக்கட்டும் என்ற மாதிரி. கை நடுங்கி ஒரு துண்டு கீழே விழுந்தது. நான் எடுத்துக் குப்பையில் போடப் போக, வாங்கி முத்தமிட்டுவிட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தா. ஆப்கான் வீடுகளிலும் விழுந்த நானை எடுத்து முத்தமிடுவார்கள், எங்கட மாடியில் வேலை செய்கிற ஆப்கான் பிள்ளை செய்து பார்த்திருக்கிறேன்.

பிறகு நானைப் பிய்த்து மென்றா. பிடித்துக்கொண்டது. அன்று ஆங்கிலம் கையில் இருந்த நேரம்.

"என்ன விலை?"

"இரண்டரை."

"காணாது. கடை ஆருடைய கட்டடத்தில இருக்கு?"

கேட்கவில்லை என்றேன். மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தா.

போகிறவர்களுக்கு: கறுப்புப் பாணுக்குச் சில்லறைக் காசு கொண்டுபோங்கோ, பதினொரு மணிக்கு முதல் போங்கோ. நான் ரொட்டிக் கடையில் அடுக்கைக் காட்டினால் வேண்டாமென்று போறணையைக் காட்டுங்கோ.