சிங்கப்பூரின் உபி பழைய கார் கடைகள்: விலைப்பலகையை நம்பி வாங்கலாமா?

உபி ஆட்டோமொபைல் மெகாமார்ட்டின் பலம், ஒரே கட்டடத்தில் பல டீலர்களை ஒப்பிட முடிவது. பலவீனம், விலைப்பலகை. அதில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் மூலம் கடன் எடுத்தால் மட்டுமே கிடைக்கும் விலை. ரொக்கத்துக்கு எவ்வளவு, நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

விலையைவிட ஆண்டுத் தேய்மானத்தைப் பாருங்கள். 52,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வண்டிக்கு சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) 4 ஆண்டு மீதி, பார்ஃப் கழிவு (வண்டியைப் பதிவுநீக்கும்போது திரும்பக் கிடைக்கும் தொகை) 8,000 என்றால், கழிவு போக உள்ளதை 4 ஆண்டுக்குப் பிரிக்க ஆண்டுக்கு 11,000. பக்கத்தில் 44,000க்கு நிற்பதில் 3 ஆண்டுதான் மீதி, கழிவு 5,000 என்றால் 13,000. 'மலிவு' வண்டிதான் கையைக் கடிக்கும்! சிஓஇ புதுப்பித்த வண்டிக்குப் பார்ஃப் கிடையாது. 5 ஆண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி நீட்டிக்கவும் முடியாது. பத்து வயது தாண்டினால் சாலை வரியும் 10% கூடத் தொடங்கி 50% வரை ஏறும்.

இன்ஜினை முன்கூட்டியே சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சிவிடி (படிகள் இல்லாத தானியங்கி) கியரை மாடிக் கார்நிறுத்தத்தின் ஏற்றத்தில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள், உதறினால் வேண்டாம். நின்ற நிலையில் ஏர்கான் குளிர்ச்சி குறைந்தால் கம்ப்ரசரோ விசிறியோ சந்தேகம்.

முன்பணத்துக்கு முன் விகாம், எஸ்டிஏ போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதிக்க விடாத கடையை விட்டு நகருங்கள். கடனோ சோதனையோ தவறினால் முன்பணம் முழுதும் திரும்பும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். விற்பனையாளரின் வாட்ஸ்அப் வாக்குறுதி போதாது. லெமன் சட்டம் (குறையுள்ள பொருள் வாங்கியவருக்கான பாதுகாப்பு) பழைய கார்களுக்கும் உண்டு: 6 மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும்.