டோக்கியோவும் ஒரே லென்ஸும்: எக்ஸ்100வி-யோடு சில வருடங்கள்

ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100வி கேமராவை 2020 கடைசியிலிருந்து வைத்திருக்கிறேன். டோக்கியோவின் கிழக்கே நிஷி-கசாயில் குடியிருக்கிறேன், இந்தியர்கள் நிறைய இருக்கும் பகுதி அது. இந்தக் கேமராவின் ஸ்பெக் பற்றி எழுதாதவர் இல்லை. அதனால் அதைக் கொஞ்சமாகச் சொல்லிவிட்டு, இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க அது எவ்வளவு உதவியது, எங்கே கைவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கழற்ற முடியாத 23 மி.மீ. லென்ஸ், எஃப்2. பழைய ஃபிலிம் அளவான முழுச்சட்டக் கணக்கில் 35 மி.மீ. வரும். ஜூம் கிடையாது. 2.6 கோடி பிக்சல், பேட்டரியும் கார்டும் சேர்த்து எடை 478 கிராம். அரைக் கிலோவுக்கும் குறைவு என்பது வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது பெரிதாகத் தெரியாது, காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை நடக்கும் ஊரில் அதுதான் முதல் விஷயம். டோக்கியோவில் ரயில் எல்லா இடத்துக்கும் போகும் என்றாலும், ஸ்டேஷனுக்குள்ளேயே நடக்கிற தூரம் எவ்வளவு என்று இங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தைத் தேடி ஓடுகிறார்கள். 634 மீட்டர் ஸ்கைட்ரீ, 333 மீட்டர் டோக்கியோ டவர், 2019-இல் திறந்த ஷிபுயா ஸ்கை (229 மீட்டர் உயரத்தில் திறந்த மொட்டை மாடி, ஸ்டாண்டுக்கு அனுமதி கிடையாது, பையை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்). போகட்டும், பார்க்க வேண்டியவைதான். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஷின்ஜுகுவில் டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-வது மாடி இருக்கிறது, 202 மீட்டர், இலவசம், குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும் காலையில் ஃபூஜி மலை தெரியும். ஆனால் 35 மி.மீ.-இல் அந்த மலை ஒரு நகக்கண் அளவுதான் வரும். மேலேயிருந்து பார்த்தால் டோக்கியோ முடிவில்லாத சாம்பல் நிறக் கட்டடங்கள். எல்லாருடைய படமும் ஒரே மாதிரி இருக்கும். இந்த ஊர் உண்மையில் ஐந்தாறு அடி தூரத்தில் இருக்கிறது: கடை வாசல், கோயில் படி, சைக்கிள் நிறுத்திய சந்து, ஒரு பாட்டி தன் வீட்டு முன்னால் வரிசையாக வைத்திருக்கும் பூந்தொட்டிகள். அந்தத் தூரத்துக்கு இந்த லென்ஸ் அவ்வளவு பொருத்தம்.

இந்த லென்ஸில் அடங்காத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கைட்ரீயின் அடியில் நின்றால் வாய்ப்பே இல்லை. பக்கத்தில் ஜுக்கென் பாலத்திலிருந்து எல்லாரும் எடுக்கும் படம், கோபுரமும் கால்வாயில் அதன் தலைகீழ் உருவமும் சேர்ந்து வருவது, இந்தக் கேமராவில் கிடைக்காது. நிமிர்த்திப் பிடித்தால் கோபுரம் மட்டும் வரும். அங்கே ஃபோனை எடுத்துவிடுவேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அசகுசாவில் சென்சோஜி கோயிலுக்குப் பத்து மணிக்கு மேல் போனால் தலைகள்தான் கிடைக்கும், விடியலில் போங்கள். இங்கே ஜூனில் சூரியன் நாலரை மணிக்கு முன்பே வந்துவிடும், முதல் ரயில் அதற்குப் பிறகுதான், அதனால் கோடையில் நான் சைக்கிளில் போவேன். டிசம்பர் என்றால் சூரியன் வர ஆறே முக்கால் ஆகிவிடும், ரயிலே போதும். கோயில் வளாகத்துக்கு வாசல் அடைப்பது கிடையாது. பெரிய மண்டபம் காலை ஆறு மணிக்குத் திறக்கும், அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறரைக்கு. அந்த நேரத்தில் நகமிசே கடைத்தெருவின் ஷட்டர்கள் எல்லாம் மூடியிருக்கும், அவற்றில் அசகுசாவின் திருவிழாக்களையும் பருவங்களையும் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். கடை திறந்திருக்கும்போது போகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரு நீளத்துக்கும் பிடித்துக்கொண்டே போகலாம், 35 மி.மீ.-க்கு எதிர்ப் பக்கச் சுவர்வரை பின்வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கமினாரிமோன் வாசலில் தொங்கும் சிவப்பு விளக்கை எல்லாரும் முன்னால் நின்று எடுப்பார்கள். அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், கீழே மரத்தில் டிராகன் செதுக்கியிருக்கும். இந்த வாசல் 1960-இல் மட்சுஷிதா கோனோசுகே, பேனசோனிக்கை நிறுவியவர், காணிக்கையாகக் கொடுத்தது. புயல் வரும்போதும் மே மாதம் சஞ்சா திருவிழா சமயத்திலும் விளக்கைச் சுருக்கி மேலே தூக்கி வைத்துவிடுவார்கள், பல்லக்குகள் உள்ளே போக வேண்டுமே. மடித்த விளக்கை எடுத்த படத்தைத்தான் ஊரில் காட்டினால் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். இன்னொன்று, பெரிய மண்டபம் பழசு போலத் தெரிந்தாலும் 1945 மார்ச் குண்டுவீச்சில் எரிந்துபோனது, இப்போது இருப்பது 1958-இல் கட்டியது. இது தெரிந்த பிறகு அந்தக் கூரையை நான் பார்க்கிற விதமே வேறு.

சஞ்சா சமயத்தில் கேமரா முழுப் பெருமையோடு வேலை செய்யும். மே வெயிலில் தோள்மேல் பல்லக்கு ஏறி இறங்கும், முகங்கள் எல்லாம் நிழலில் இருக்கும், பின்னால் வானம் வெளுத்துப் போயிருக்கும். இதில் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர் இருப்பதால் வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷ் சேர்ந்து வரும், உள்ளேயே இருக்கிற சின்ன ஃபிளாஷ் ஐந்தடிக்குப் போதும். வெளிச்சத்தை நான்கு ஸ்டாப் குறைக்கிற என்டி ஃபில்டரும் உள்ளேயே இருக்கிறது, பட்டனைத் தட்டினால் போதும். பக்கத்தில் நின்று எடுக்க யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பல்லக்கின் வழியில் மட்டும் நிற்கக் கூடாது. நிறுத்த முடியாத எடை அது, நம்மால் அவர்களில் ஒருவருக்குக் கால் இடறினால் பெரிய விபத்தாகிவிடும்.

நம் ஆட்களிடம் நான் விடாமல் சொல்கிற இடம் ஒன்று உண்டு. சென்சோஜியிலிருந்து சுமிதா ஆற்றை ஒட்டி வடக்கே கொஞ்சம் நடந்தால் ஒரு சின்ன மேடு, அதன்மேல் மட்சுசியாமா ஷோதென் என்ற கோயில். அங்கே இருப்பவர் காங்கிதென், அதாவது நம் பிள்ளையார், பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பானுக்கு வந்தவர். மூலவரைக் கண்ணில் காட்ட மாட்டார்கள், மறைத்தே வைத்திருப்பார்கள். கொழுக்கட்டைக்குப் பதில் இங்கே வெள்ளை முள்ளங்கி படைக்கிறார்கள்! படிக்கட்டு, கல்விளக்கு, மரவேலை எங்கு பார்த்தாலும் முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கியிருக்கும். முள்ளங்கி உடல்நலத்துக்கும் இல்லறத்துக்கும், பணப்பை வியாபாரத்துக்கும். ஜனவரி 7-ஆம் தேதி முள்ளங்கித் திருவிழா, வருகிறவர்களுக்கு வேகவைத்த முள்ளங்கி தருவார்கள். சன்னதிக்குள் கேமராவைத் தூக்காதீர்கள், வெளியே செதுக்கியிருப்பதை எடுக்கவே அரைநாள் ஆகும். இந்த லென்ஸ் பத்து சென்டிமீட்டர் வரை கிட்டே ஃபோகஸ் ஆகும் என்பதால் கல்லின் பாசியும் விழும். சரஸ்வதியும் இருக்கிறாள், உயெனோவின் ஷினோபாசு குளத்து நடுவில் பென்சைதென் என்ற பெயரில். ஜூலை, ஆகஸ்டில் குளம் முழுக்கத் தாமரை. தூரத்துப் பூவுக்கு இந்த லென்ஸ் எட்டாது, கரையோரத்தில் இலைகள் ஆள் உயரத்துக்கு நிற்கும் இடத்தில் போய் நின்றுவிடுங்கள்.

யனகாவைத்தான் நான் அதிகம் எடுத்திருக்கிறேன். 1923 பூகம்பத்திலும் 1945 குண்டுவீச்சிலும் பெரும்பகுதி தப்பித்த பேட்டை, அதனால் மரவீடுகளும் கோயில்களும் கோணல்மாணலான சந்துகளும் மிச்சம் இருக்கின்றன. யூயாகே தந்தான் படிக்கட்டிலிருந்து சாயங்காலம் கடைத்தெருவைப் பார்த்து எடுப்பது எல்லாருக்கும் தெரிந்த படம். நான் சொல்வது பின்னால் இருக்கும் கல்லறைப் பகுதி. கடைசி ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) தொக்குகாவா யோஷினோபு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். நடுவில் ஐந்தடுக்கு பகோடா ஒன்று இருந்தது, 1957-இல் எரிந்துபோய் இப்போது அடிக்கற்கள் மட்டும். இன்னும் கொஞ்சம் நடந்தால் பழைய பொதுக் குளியல் கூடம் ஒன்றை ஓவியக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள், புகைபோக்கியோடு அப்படியே நிற்கிறது. இங்கெல்லாம் தெரு அகலம் இரண்டு ஆள் நடக்கும் அளவு. 50 மி.மீ. நெருக்கும், 24 மி.மீ. தேவையில்லாத மின்கம்பியையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். 35-இல் வீடும் சந்தும் ஆளும் அளவாக நிற்கும்.

டோக்கியோவில் பிடித்த கட்டடத்தைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும். குரோகாவா கிஷோ வடிவமைத்து 1972-இல் கட்டிய நகாகின் கேப்சூல் டவர், கட்டம் கட்டமாக 140 அறைகளை அடுக்கிய கட்டடம், 2022-இல் பிரித்தெடுத்தார்கள். அது நிற்கும்போது எடுத்த என் படங்களை இப்போது பார்த்தால், வட்ட ஜன்னல்களில் கறை, துணிவலை, எதிரில் நின்று அண்ணாந்து பார்க்கும் மனிதர்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த நேரத்தில் தினம் கையில் கேமரா இருந்ததால் கிடைத்தவை. பெரிய கேமரா என்றால் அன்றைக்கு வீட்டில்தான் இருந்திருக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் மழை. ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் ஒதுக்குவார்கள், நான் காத்திருப்பேன். இங்கே கடையில் விற்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குடையைப் பாதி ஊர் பிடித்துப் போகும். கறுப்புக் குடை முகத்தை இருட்டாக்கும், இந்தக் குடைக்குள் விளம்பரப் பலகையின் சிவப்பும் நீலமும் நேராக இறங்கி முகத்தில் விழும். ஷிபுயா நாற்சந்தியில் எல்லாப் பக்கமும் ஒன்றாகப் பச்சை விழும்போது ஓரத்தில் நின்று பாருங்கள் (நடுவில் நின்றுவிடாதீர்கள், பின்னால் வருகிறவர்கள் உங்களைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்). ஒன்றை மறக்க வேண்டாம், இந்தக் கேமரா மழையைத் தாங்க வேண்டும் என்றால் லென்ஸ் முன்னால் தனியாக விற்கும் வளையமும் ஃபில்டரும் போட வேண்டும், அது இல்லாமல் நனைக்காதீர்கள்.

நாற்சந்தியிலும் ரயில் நடைமேடையிலும் எனக்கு அதிகம் உதவியது, திரை இல்லாமல் கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கும் ஆப்டிகல் வியூஃபைண்டர். சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும், ஒரு ஆள் உள்ளே வரப்போவது முன்கூட்டியே தெரியும். பேட்டரியும் கொஞ்சம் கூட ஓடும்: கம்பெனி சொல்லும் கணக்கு ஆப்டிகலில் 420 படம், எலக்ட்ரானிக்கில் 350. நான் உபரி பேட்டரி இல்லாமல் கிளம்புவதில்லை. ராத்திரிதான் சங்கடம். இதில் நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது, அடுத்து 2024-இல் வந்த எக்ஸ்100விஐ-யில்தான் அது வந்தது. சந்து விளக்கில் ஐஎஸ்ஓ-வை, அதாவது வெளிச்ச உணர்திறனை, 6400 வரை தயங்காமல் ஏற்றுவேன். கொஞ்சம் மணல்மணலாக வரும், அந்த ஊருக்கு அது அழகாகவே இருக்கிறது. நிறத்துக்குக் கேமராவிலேயே ஃபிலிம் மாதிரியான அமைப்புகள் இருக்கின்றன: யனகாவிலும் பழைய கடைப் பலகைகளுக்கும் கிளாசிக் நெகட்டிவ், குளிர்கால நிழலுக்குக் கறுப்பு-வெள்ளை அக்ரோஸ், கோயில் சிவப்புக்கு மட்டும் சாதாரண ப்ரோவியா.

மனிதர்களை எடுப்பதைப் பற்றி நேராகச் சொல்கிறேன். ஒருவர் தன் உருவத்தின்மேல் உரிமை கோர முடியும் என்று ஜப்பான் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன, ஊரார் மனதிலும் அது ஆழமாக இருக்கிறது. ஷின்ஜுகு கோல்டன் காய் சந்துகளில் அனுமதியில்லாமல் படமெடுக்காதீர்கள் என்று பலகையே இருக்கும், ஆறேழு பேர் உட்காரும் மதுக்கடைகள் அவை, வருகிறவர்களுக்கு மறைவு வேண்டும். இந்தக் கேமராவின் ஷட்டர் சத்தமே கேட்காது. அதனாலேயே கூடுதலாகக் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். கேமராவை மார்பளவில் தெரியும்படி வைத்துக்கொண்டு "ஷாஷின் ஈ தெசு கா" (படம் எடுக்கலாமா) என்று கேட்பேன். கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினால் வேண்டாம் என்று அர்த்தம், குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். யனகாவில் ஒரு தோஃபு கடைக்காரர் முதலில் மறுத்தார். பிறகு வாடிக்கையாக வாங்கப் போய், ஒருநாள் அவரே அடுப்பு ஆவி எழும் நேரத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜூம் லென்ஸ் இருந்தால் முதல் நாளே தெருவுக்கு எதிரிலிருந்து எடுத்துவிட்டுப் போயிருப்பேன், அவரைத் தெரிந்திருக்காது.

படம் எடுப்பதோடு பார்க்கவும் நேரம் வையுங்கள். எபிசுவில் டோக்கியோ போட்டோ அருங்காட்சியகம் இருக்கிறது, ரொப்போங்கி மிட்டவுனில் ஃபூஜிஃபிலிம் ஸ்கொயர் இலவசம். புகைப்படக் கலைஞர் மொரியாமா தைதோ பல வருடமாகச் சின்ன கேமராவோடு ஷின்ஜுகுவில் அலைந்து எடுத்தவற்றைப் பெரிய பிரின்டில் பார்த்தால், ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போவதில் என்ன இருக்கிறது என்பது புரியும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2022, 2023-இல் இது எங்கும் கிடைக்காமல் பழைய கேமராவே புது விலையைத் தாண்டிப் போனது, அப்படி ஒரு விலை கொடுத்து வாங்க வேண்டாம். நகானோவிலும் ஷின்ஜுகுவிலும் பழைய கேமரா கடைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கீறல் எங்கே, தூசி எங்கே என்று சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள், நிதானமாகப் பாருங்கள். சுற்றுலாவுக்கு ஒரு வாரம் மட்டும் வருகிறவர்கள் இருக்கிற ஃபோனையே 35 மி.மீ. அளவுக்கு வைத்துக்கொண்டு யனகா, அசகுசா இரண்டில் மட்டும் இரண்டு காலை நடந்து பாருங்கள். அந்த அளவு உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும், பிறகு கடைக்குப் போகலாம்.