செல் புதுசு, பேட்டரி பூஜ்யம்

இந்த லேப்டாப் வாங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. கீபோர்டு, திரை, வேகம் எதிலும் குறை சொல்ல மாட்டேன். பேட்டரியைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

நான்காவது வருடத்தில் சார்ஜ் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இந்த மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி இனி வராது என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் வேறு கம்பெனி பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தது. அப்புறம் ஒரு பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்தது. அன்றிலிருந்து, அங்கீகாரம் இல்லாத பேட்டரி என்று திரையில் ஒரு அறிவிப்பு. சார்ஜ் ஏறுவதும் நின்றது. பேட்டரி அதேதான்.

சரி, பழைய ஒரிஜினல் பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கிற செல்களை மட்டும் மாற்றலாம் என்று அதே தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். உள்ளே 18650 என்ற அளவில் ஆறு உருளை செல்கள், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. ஒரு ஜோடிதான் செத்திருந்தது, மற்ற நான்கும் நன்றாகவே இருந்தன. ஆறையும் புதிதாகப் போட்டார். மீட்டர் வைத்தால் செல் பக்கம் 11 வோல்ட்டுக்கு மேல், வெளி முனையில் பூஜ்யம். "செல்லு ஓகே சார், போர்டு லாக் ஆயிடுச்சு" என்றார்.

அவர் சொன்னது பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை. அதில் உள்ள சிப்தான் பேட்டரியின் கணக்குப்பிள்ளை. எத்தனை முறை சார்ஜ் ஆனது, கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று எல்லாவற்றையும் குறித்து வைக்கும். ஒரு ஜோடியின் வோல்டேஜ் மற்றவற்றிலிருந்து ரொம்ப விலகினால் 'நிரந்தரப் பழுது' என்று தனக்குள் எழுதிக்கொண்டு வெளியே மின்சாரம் விடாது. சிலவற்றில் ஒரு ஃபியூஸையும் எரித்துவிடும். செல்லைக் கழற்றும்போது சிப்புக்கு மின்சாரம் அறுந்தாலும் பூட்டிக்கொள்கிற ரகங்கள் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வெளியிலிருந்து சப்ளை கொடுத்தபடிதான் செல் மாற்றுவார்கள். பூட்டு விழுந்தபின் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். 2011-ல் சார்லி மில்லர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஆப்பிள் லேப்டாப் பேட்டரிகளின் சிப்கள் தயாரிப்பில் வைத்து அப்படியே மாற்றப்படாத பொதுக் கடவுச்சொல்லுக்கே திறந்துகொள்வதைக் காட்டினார். மெக்கானிக் அதே வழியை முயன்றார். என் சிப் மசியவில்லை.

பூட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கெட்ட லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கலாம். அதைத் தடுக்கிற சிப் அவசியம். ஆனால் நல்ல செல் போட்டபின் மறுபடி சோதித்துத் திறக்க வழியே வைக்காதது எந்தப் பாதுகாப்பில் சேர்த்தி? பயாஸ் செய்தது இன்னும் மோசம். அது பார்த்தது வோல்டேஜை அல்ல, யார் செய்த பேட்டரி என்பதை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி ஒழுங்குமுறை இதைத் தொட்டிருக்கிறது. பொருந்துகிற வேறு பேட்டரி போடுவதை மென்பொருளால் தடுக்கக் கூடாது என்ற விதி 2027 பிப்ரவரியில் அங்கே அமலாகிறது. அங்கே விற்கிற மாடலே இங்கேயும் வந்தால் நமக்கும் லாபம்.

தப்பிய நான்கு செல்களும் இப்போது டார்ச் லைட்டில் ஓடுகின்றன. லேப்டாப் அடாப்டரில் ஓடுகிறது, கரண்ட் போனால் அணைந்துவிடும். வீட்டிலுள்ள இன்னொரு லேப்டாப்பில் பயாஸ் அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்களும் அதே அப்டேட்டில்தான் வருகின்றன என்று தெரிந்தேதான்.