மூச்சிலிருந்து கலோரி சொல்லும் மாட்யூல்: வாங்கலாமா?

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் டெக்னீசியன் வேலை. எங்கள் வென்டிலேட்டர் பெட்களில் ஒன்றில் ஜி.இ. மானிட்டரோடு இ-சிஓவிஎக்ஸ் கேஸ் மாட்யூல் (மூச்சுக் காற்றை அளக்கும் பெட்டி) ஓடுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, “இதுவும் இ.டி.சி.ஓ.2 பார்க்கிற பெட்டிதானே சார்?” அதையும், அதாவது மூச்சு விட்டு முடிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு அளவையும், பார்க்கும். ஆனால் வாங்கியது அதற்காக இல்லை. நோயாளி நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார், எத்தனை மில்லி கார்பன் டை ஆக்சைடு விடுகிறார் என்பதைக் கணக்கிட்டு, ஒரு நாளில் உடம்பு எரிக்கும் கலோரியைத் திரையில் காட்டிவிடும். கணக்கு பழையது. வெயர் என்பவர் 1949-ல் கொடுத்த சூத்திரம்தான்.

டயட்டீஷியன் மேடம் வழக்கமாக கிலோவுக்கு 25 கலோரி என்று போடுவார். 60 கிலோ ஆளுக்கு 1500. காய்ச்சலோடு கிடந்த ஒருவருக்கு மாட்யூல் ஆக்சிஜன் 310, கார்பன் டை ஆக்சைடு 250 என்று காட்டியது. கலோரி 2150-ஐத் தொட்டது. மேடம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்.க்யூ. (விடும் கார்பன் டை ஆக்சைடை எடுக்கும் ஆக்சிஜனால் வகுத்தால் வருவது) 0.8, கஃப் லீக் (மூச்சுக்குழாய் ட்யூபைச் சுற்றிய பலூன் ஓரம் கசிவு) இல்லை, ஆள் அசையாமல் தூக்கத்தில் இருக்கிறார். அந்த எண்ணை நம்பலாம் என்றேன். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் ஃபீடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். மூச்சுக்குழாய் ட்யூபுக்கும் வென்டிலேட்டரின் இரண்டு குழாய்களும் சேரும் ஒய்-பீஸுக்கும் நடுவில் டி-லைட் சென்சார் உட்காரும். காற்றின் ஓட்டத்தை அழுத்த வித்தியாசத்தை வைத்து அளக்கும். கூடவே நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி காற்றை உறிஞ்சி, கார்பன் டை ஆக்சைடை இன்ஃப்ராரெட்டிலும் ஆக்சிஜனைக் காந்தத்தின் உதவியாலும் பார்க்கும். ஆக்சிஜன் காந்தப்புலத்துக்கு இழுபடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதனால் மூச்சுக்கு மூச்சு அளவு கிடைக்கிறது, ஆக்சிஜன் செல் தீர்ந்துபோகும் தொல்லையும் இல்லை.

எதிரி தண்ணீர்தான். வெளியே கத்திரி வெயில், உள்ளே ஏசி 20-ல். ஹியூமிடிஃபையரில் சூடாகி வரும் ஈரக்காற்று ட்யூபுக்குள் வேர்த்துக் கொட்டுகிறது. சென்சாரின் அழுத்தத் துளையில் ஒரே ஒரு சொட்டு நின்றால் போதும், எண்கள் ஆடத் தொடங்கும். துளைகள் மேலே பார்க்கும்படி சாய்த்து வைக்க வேண்டும். நைட் டியூட்டி சிஸ்டர் நோயாளியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனதும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சாய்வைத்தான். ஹியூமிடிஃபையருக்குப் பதிலாக எச்.எம்.இ. ஃபில்டரை (விடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைப்பது) நோயாளி பக்கம் போட்டு, சென்சாரை அதற்கு அப்பால் வைத்தால் பாதித் தலைவலி குறையும்.

விற்ற ஏஜென்சிக்காரர், “எந்த ஆக்சிஜன்லயும் ஓடும் சார்” என்று சொல்லித்தான் தலையில் கட்டினார். மேனுவலைப் பிரித்தால், நோயாளிக்குக் கொடுக்கும் ஆக்சிஜன் 65 சதவீதத்துக்கு மேல் போனால் பிழை பத்து சதவீதத்திலிருந்து பதினைந்தாகும், 85-க்கு மேல் உத்தரவாதமே கிடையாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கணக்கின் இயல்பு அப்படி. உள்ளே போன காற்றையும் வெளியே வந்த காற்றையும் ஒப்பிட, உடம்பு தொடாத நைட்ரஜன்தான் சாட்சி. 40 சதவீத ஆக்சிஜனில் சாட்சி 60 பங்கு இருக்கும், 80-ல் 20 பங்குதான். சுத்த ஆக்சிஜனில் சாட்சியே கிடையாது. சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். நுரையீரல் மிக மோசமான ஆட்களுக்குத்தான் அந்த அளவு ஆக்சிஜன் ஓடும். அவர்களின் கலோரியைத்தான் நாம் அறிய ஆசைப்படுவோம். என்ன செய்ய.

இன்னொன்று. ஆர்.க்யூ. 0.67-க்குக் கீழோ 1.3-க்கு மேலோ போனால் கலோரியை எழுதவே வேண்டாம். ஆனால் ஆர்.க்யூ. ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. கஃப் லீக்கானாலோ, நெஞ்சில் போட்ட ஐ.சி.டி.யில் (காற்றை வடிக்கும் குழாய்) குமிழ் வந்தாலோ இரண்டு வாயுவும் சேர்ந்தே குறையும், ஆர்.க்யூ. அழகாகவே நிற்கும். அதனால் உள்ளே போகும் டைடல் வால்யூமையும் (ஒரு மூச்சின் காற்றளவு) வெளியே வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். வென்டிலேட்டர் ரேட்டை மாற்றினால் குறைந்தது அரை மணி நேரம் எண்ணை மறந்துவிடுங்கள். உடம்பில் தேங்கும் கார்பன் டை ஆக்சைடு புது அளவில் நிலைக்கச் சில நேரம் அதற்கும் மேலேயே ஆகும்.

சர்வீஸ் சுமார்தான். அளவைச் சரிபார்க்கும் கேலிபரேஷன் கேஸ் கேட்டால் அந்த ஏஜென்சியில் “சென்னையிலிருந்து வரணும்” என்ற பதிலே வரும். ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேசும்போது கேஸையும் அதில் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் ட்யூப் எடுத்துவிடும் ஆட்களே அதிகமாக வரும் இடமென்றால் இந்தக் காசு வீண், கார்பன் டை ஆக்சைடை மட்டும் காட்டும் சாதாரண கேப்னோகிராபி போதும். வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆளும் உண்டு என்றால் தாராளமாக வாங்கலாம். டெமோவுக்கு வருகிறவர் 30 சதவீத ஆக்சிஜனில் வைத்துக் காட்டி எல்லோரையும் கவர்ந்துவிடுவார். 70-க்கு ஏற்றி, ஹியூமிடிஃபையரைப் போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.