எங்கள் சொசைட்டியின் பால் மெஷினும் அது தரும் சீட்டும்

சங்ககிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு கறவை வைத்திருக்கிறேன். கருப்பி ஹெச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, செவலை ஜெர்சி கலப்பு. இரண்டு வருடமாக ஊர் கூட்டுறவு சொசைட்டியில்தான் பால் ஊற்றுகிறேன். அங்கே இருக்கும் பால் பரிசோதனை மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அதற்கு முன்னால், வாசலுக்கே வந்து எடுக்கும் ஒருவருக்கு ஊற்றினேன். நுரை வழிந்து இறங்கும்வரை படியில் ஊற்றச் சொல்வார். நோட்டில் லிட்டர் மட்டும்தான் ஏறும். பட்டுவாடா அன்று, "பால் தண்ணியா இருக்குதுக்கா, இந்த வாரம் ரெண்டு ரூபாய் கம்மி" என்பார். மறுத்துப் பேச என் கையில் ஒன்றும் இருக்காது.

சொசைட்டியில் பாலை எடை போட்டதும், டெஸ்டர் தம்பி கரண்டியை மேலும் கீழுமாக நாலைந்து தடவை விட்டுக் கலக்கி, சின்னக் கப்பில் மாதிரி எடுப்பார். கலக்காமல் மேலாக மொண்டால் கொழுப்பு கூடக் காட்டும், அடியில் மொண்டால் குறையும். அதனால் அந்த நேரம் மட்டும் பக்கத்திலேயே நிற்பேன். மெஷினின் குழாய் பாலை உறிஞ்சி, கொஞ்ச நேரத்தில் சீட்டைத் தள்ளும். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக பாலில் இருக்கும் மற்ற சத்து), லிட்டருக்கு விலை, மொத்தத் தொகை எல்லாம் அதில் இருக்கும்.

பசும்பால் கொள்முதல் விலையை ஆவின் 2022 நவம்பரில் 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் 38 ஆனது. ஆனால் அது தரம் இருக்கும் பாலுக்கு. என் முதல் சீட்டில் கொழுப்பு 3.6, எஸ்.என்.எஃப் 7.8. விலை 33 ரூபாய் சில்லறைதான். மனசு விட்டுப்போனது. "ரெண்டு மாட்டுப் பாலையும் தனித்தனியா ஒருநாள் கொண்டு வாங்கக்கா" என்றார் தம்பி. பார்த்தால் கொழுப்பு செவலைக்கு 4.7, கருப்பிக்கு 3.1. கருப்பி ஒரு நாளைக்கு 13 லிட்டர் தருகிறாள், செவலை 7 தான். கலந்து ஊற்றியதில் கருப்பியின் பால் மொத்தத்தையும் இழுத்திருக்கிறது.

அப்புறம் இரண்டு விஷயத்தை மாற்றினேன். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுக்கொண்டிருந்தேன். முதல் பீச்சில் கொழுப்பு குறைவு, கடைசிப் பீச்சில்தான் அதிகம் என்று தெரிந்ததும், கன்றை முதலிலேயே ஊட்டவிட்டு, மடி வற்றும்வரை கறக்கிறேன். அடுத்தது தீனி. பச்சைப்புல்லும் கலப்புத்தீவனமுமாகப் போட்டதைக் குறைத்து, சோளத்தட்டையும், வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனத்தையும் கூட்டினேன். மக்காச்சோள மாவும் தாது உப்பும் தினமும் உண்டு. மூன்று மாதத்தில் கொழுப்பு 4.2, எஸ்.என்.எஃப் 8.3. விலை 37-ஐத் தாண்டியது.

இதைவிடப் பெரிய உதவி போன ஐப்பசியில் கிடைத்தது. கருப்பியின் எஸ்.என்.எஃப் இரண்டே நாளில் 8.2-லிருந்து 7.6-க்கு இறங்கியது. மடியில் வீக்கமில்லை, காய்ச்சலில்லை, தீனியும் தின்றாள். நான் தண்ணீர் கலக்கவில்லை என்பது எனக்குத் தெரியுமே. கால்நடை மருத்துவரிடம் சீட்டைக் காட்டினேன். நான்கு காம்பையும் தனித்தனியாகச் சோதித்து, பின்பக்க இடது காம்பில் மடிநோய் ஆரம்பம் என்றார். ஊசி போட்டார். அவர் சொன்ன நாள் வரை அவள் பாலை ஊற்றவில்லை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, நீர்க்கக் கரைத்து மடியில் பூசிக்கொண்டே இருந்தேன். காம்பு பிழைத்தது. பழைய நோட்டு முறையில் பால் திரிந்து வரும்போதுதான் கண்டுபிடித்திருப்பேன்.

குறையும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு வாரம் எல்லாருக்குமே கொழுப்பு குறைவாகக் காட்டியது. சேர்ந்து போய்க் கேட்டோம். குழாயில் பாலாடை படிந்திருந்தது, சுத்தம் செய்ததும் சரியானது. ஆனால் அந்த வாரம் குறைந்த பணம் திரும்ப வரவில்லை. எனக்கு மட்டும் 200 ரூபாய்க்கு மேல் நட்டம். தினமும் எங்கள் கண்முன்னே மெஷினைக் கழுவ வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், காலையில் செய்கிறார்கள், சாயங்காலம் இன்னும் இல்லை.

சீட்டின் எழுத்து இரண்டு மாதத்தில் மங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதிவிடுங்கள். மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் இன்னும் நல்லது.